ஓல்வின் படம்பிடித்த முதுகுகள்

நாற்பத்தாறு டிகிரி வெயில். கையில் காசில்லை. தலைக்கு மேல் தகரக் கூரை. உங்கள் ஊரில் எங்கே போய் உட்காருவீர்கள்?

மரத்தடி என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஜனவரிதான் உச்சக் கோடை; எங்கள் டல்லூராவில் அப்போது மரத்தடியில் நின்றால் காற்றே சுடும். மதுக்கடையில் உட்காரலாம், ஒரு பீர் வாங்க வேண்டும். காபிக் கடையில் உட்காரலாம், கோப்பை காலியானதும் மேசையைத் துடைக்க வந்துவிடுவார்கள். தேவாலயம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். கடவுளின் வீட்டுக்கும் மற்ற நாட்களில் பூட்டுதான். நூலகத்தை மதியமே மூடிவிடுவார்கள், ஆள் போதவில்லையாம். சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டிகளுக்கு நடுவே நடக்கலாம், நிற்கக் கூடாது. தோல் கொஞ்சம் கறுப்பாக இருந்தால் காவலாளியும் கூடவே நடப்பார். காசு கொடுக்காமல், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், குளிர்ந்த காற்றில் உட்கார முர்ரே ஆற்றங்கரையின் இந்தத் திராட்சை ஊரில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. நகராட்சியின் ஓவியக்கூடம். அதன் இரண்டாவது அறையில் மூன்று தோல் பெஞ்சுகள்.

அந்த அறையின் மூலையில், கழுத்தில் சின்னக் கேமராவைத் தொங்கவிட்டபடி ஒரு பெண் நின்றிருப்பார். எழுபதைத் தாண்டியவர். ரப்பர் அடி வைத்த செருப்பு, சத்தமே வராது. ஓல்வின் டிரெகியர் என்று பெயர். ஊருக்கு வெறும் ஓல்.

வேலையில் இருந்த காலமெல்லாம் ஓல்வின் பள்ளிக்கூடப் படம் எடுத்தவர். கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னப் பள்ளிகளுக்கெல்லாம் விளக்கு, திரை, மடக்குப் பெஞ்சு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், கை முழங்கால் மேல். "பக்கத்துப் பையன் மூக்குல ஈ உட்கார்ந்திருக்குன்னு நெனச்சுக்கோங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். இந்த வட்டாரத்தில் நாற்பது வயதான எவர் வீட்டுச் சுவரில் பார்த்தாலும் ஓல்வின் வரவழைத்த சிரிப்பு ஒன்று தொங்கும்.

அவருக்கு வேலை கொடுத்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படத்துக்குப் பணம் கட்டாத வீட்டுப் பிள்ளைகளை வரிசையின் ஓரத்தில் நிறுத்த வேண்டும். அச்சிடும்போது வெட்டிவிடலாம் அல்லவா? ஓல்வின் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து நடு வரிசையின் நடுவில் நிறுத்துவார். ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் பழங்குடிப் பிள்ளைகள், அப்பன் வேலையிழந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நட்ட நடுவில் இருப்பார்கள். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது, "உயரம் அப்படி அமைஞ்சுபோச்சு, நான் என்ன பண்ண" என்றாராம். இதை அவராக என்னிடம் சொன்னதில்லை. நான் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்த பள்ளியின் பழைய படங்களைப் பார்த்துவிட்டு நானாகப் போய்க் கேட்டேன். அப்போதும் அந்த உயரக் கணக்கையே சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு முகங்களைப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். "சிரி சிரின்னு சொல்லி அலுத்துப்போச்சுப்பா. முதுகு யார் சொன்னாலும் சிரிக்காது" என்றார். ஓவியம் பார்க்க வருகிறவர்களைப் பின்னாலிருந்து எடுக்கத் தொடங்கினார். ஓவியமும் முதுகும் ஒரே படத்தில். எடுத்த உடனே அவர்களிடம் நடந்து போவார். கேமராவின் சின்னத் திரையைக் காட்டுவார்.

"இது நீங்க. வச்சுக்கவா, அழிச்சிடவா?"

அழி என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பார். வைத்துக்கொள் என்றாலும் இன்னொரு வாக்குக் கொடுப்பார்: "நீங்க சொல்ற வரைக்கும் யார் கண்ணுலயும் படாது." பேர் கேட்க மாட்டார். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கை அவர் மீறியதில்லை. ஊரில் யாரும் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். திருப்பினாலும் நஷ்டமில்லை, அவருக்கு வேண்டியது பின்பக்கம்தானே என்று ஓவியக்கூடப் பணியாள் நெரிடா கேலி செய்வாள்.

ஓல்வினோடு ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஊரே வேறு மாதிரி தெரியும். படத்தைப் பார்க்காமல் நேராகப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்; அதைப் படித்துவிட்டு, சரிதானா என்று சோதிப்பதுபோல் படத்தை ஒருமுறை ஏறிட்டுவிட்டு நகர்வார்கள். கணவன் மனைவி சேர்ந்தே நுழைவார்கள். பத்தாவது படத்தில் மனைவி நிற்கும்போது கணவன் வெளி வாசலில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொள்பவர்கள் தொட ஆசைப்படுபவர்கள் என்பது ஓல்வினின் கணிப்பு. கையை மார்பில் கட்டிக்கொள்பவர்களுக்கு யாரோ தங்களை ஏமாற்றப் பார்ப்பதாகச் சந்தேகமாம். சிட்னியிலிருந்து வரும் கூட்டம் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்களையே செல்பேசியில் எடுத்துக்கொள்ளும்.

"அவங்க எனக்கு வேண்டாம்" என்பார் ஓல்வின். "அவங்க முதுகைப் பார்க்கறது படம் மட்டும்தான்."

வெயில் நாட்களில் கூட்டம் வேறு. நாற்பதைத் தாண்டினால் தோட்டங்களில் அறுவடையை மதியத்தோடு நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்பு விதி. நல்ல விதிதான், ஆனால் நிறுத்திய நேரத்துக்குக் கூலி கிடையாது. பசிபிக் கடலின் டோங்கா தீவிலிருந்து திராட்சை பறிக்க வந்தவர்கள் தங்கியிருப்பது தகரப் பெட்டி அறைகளில். அந்த நேரத்தில் அதற்குள் போய்ப் படுக்க மனிதனால் முடியாது. அவர்கள் ஓவியக்கூடத்துக்கு வருவார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்த ஓய்வூதியக்காரர்கள் வருவார்கள். கைக்குழந்தைக்காரிகள் வருவார்கள்.

ஓல்வின் அவர்களைக் கவனித்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். முதல் மணி நேரம் அவர்கள் காற்று வரும் துளையைப் பார்ப்பார்கள். இரண்டாவது மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூன்றாவது மணி நேரம், வேறு எதுவும் செய்வதற்கில்லாததால், எதிரே இருக்கும் ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். தொடங்கினால் அதன்பின் விடமாட்டார்கள். கலை பார்க்க வந்தவன் நின்றபடி மொத்த அறையையும் முடித்துவிட்டுப் போய்விடுகிறான். காற்று வாங்க வந்தவன் ஒரே படத்தோடு மதியம் முழுக்க வாழ்கிறான். இதில் யார் பார்வையாளன்? நான் இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் இதுதான்: முன்முடிவை வெளியே வைத்துவிட்டு, நடப்பதை உற்றுப் பார். ஓல்வினுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடையில் நடு பெஞ்சில் இரண்டு பேர் நிரந்தரம். ஒருவர் க்ளாரி பென்ரோஸ், எண்பது வயதுக் கிழவர், ஒருகாலத்தில் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். இன்னொருவர் செமிசி, டோங்காக்காரர், மலை மாதிரித் தோள், ஞாயிறு பாடகர் குழுவில் கட்டைக் குரல். எதிரே ஊரின் பெருமையான பெரிய ஓவியம்: திராட்சை உலர்த்தும் கம்பி அடுக்குகள், தலையில் துணி கட்டிய பெண்கள், அடுக்குகளின் அடியில் கன்னங்கரிய நிழல். நகராட்சியின் நாட்காட்டி, வரி ரசீது, குப்பை வண்டி எல்லாவற்றிலும் இந்தப் படம்தான்.

"உன் தீவுல இந்த மாதிரி வெயில் உண்டா?" என்பார் க்ளாரி.

"எங்க தீவுல கடல் இருக்கு. உங்களுக்கு ஒரு ஆறு. அதுவும் டீத்தண்ணி கலர்ல."

"அந்தத் தண்ணியிலதான்டா நீ திங்கற திராட்சை வெளையுது."

"நான் திங்கறதில்ல, க்ளாரி. பறிக்கறதோட சரி."

ஒரு நாள், மூன்றாவது மணி நேரத்தில், செமிசி தலையைச் சாய்த்தார். "அடியில ஒரு நாய் படுத்திருக்கு."

"எங்க?"

"அந்த நிழலுக்குள்ள. மூக்கைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு."

"அது நிழல்."

"நாய்."

"எனக்கு இந்தப் படத்தைச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். நாய் கிடையாது."

"சின்ன வயசுல உட்கார்ந்து பார்த்தியா?"

இந்தச் சண்டை நாட்கணக்கில் நடந்தது. பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் கட்சி பிரிந்தார்கள். அப்படி ஒரு மதியம் ஓல்வின் எடுத்த படம்தான் அவர் வாழ்நாளிலேயே சிறந்தது என்பேன். க்ளாரியின் ஒல்லி முதுகு முன்னால் சரிந்து, நீட்டிய விரல் ஓவியத்தைக் குத்துகிறது. செமிசியின் அகன்ற முதுகு பின்னால் சாய்ந்து, தலை ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில். எதிரே அந்தக் கரிய நிழல். முகமே இல்லை, ஆனால் இரண்டு மனிதர்களின் குரல் கேட்கும். வைத்துக்கொள் என்று இருவருமே சொன்னார்கள்.

இப்போது எங்கள் ஊரின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். டல்லூராக்காரன் வெயில் அடிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டான். பறவை மரத்திலிருந்து செத்து விழுந்தாலும் "வறண்ட சூடுதானே, ஒண்ணும் செய்யாது" என்பான். வெயில் என்று முனகுவது வெளியூர்க்காரன் வேலை. அதைவிட வெட்கம், ஓவியம் பார்க்க வந்தேன் என்று சொல்வது. சீமான் வேஷம் போடுகிறான் என்று காலமெல்லாம் கிண்டல் செய்வார்கள். வந்து சேர்ந்த டோங்காக்காரர்களும் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நகராட்சி பிப்ரவரியில் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. நெரிடா பெஞ்சு பெஞ்சாகப் போய்த் தாளைக் கொடுத்தாள். "இன்று ஏன் வந்தீர்கள்?" என்பது கேள்வி. பதில்களில் ஒன்று "ஓவியங்களைப் பார்க்க". இன்னொன்று "வெப்பத்திலிருந்து ஒதுங்க". அடியில், "ஒருவருக்காகக் காத்திருக்கிறேன்". பெஞ்சில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசிப் பதிலுக்குக் கோடு போட்டார்கள். மூன்று வாரம் ஒருவருக்காகவே காத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் யாரும் பொய்யை உணரவில்லை; மானத்தோடு பதில் சொன்னதாகத்தான் நினைத்தார்கள்.

மாத இறுதியில் தீர்மானம் வந்தது. ஓவியக்கூடம் வேலையற்றவர்கள் சந்திக்கும் இடமாகிவிட்டது என்று கணிப்பு காட்டுகிறதாம். ஆகவே இரண்டாவது அறையின் பெஞ்சுகளை அகற்ற வேண்டும். நின்று பார்க்க நாற்காலி எதற்கு? தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நகராட்சி உறுப்பினர் க்ரெய்க் பென்ரோஸ். க்ளாரியின் மகன். பாசனக் குழாய் விற்பவர், காட்டுத்தீ அணைக்க முதல் வண்டியில் ஏறுபவர். கெட்டவரில்லை. கெட்டவர்களால் வரும் அநியாயத்தை எதிர்ப்பது சுலபம். நல்லவர்கள் தாளைப் படித்துவிட்டுச் செய்யும் அநியாயம்தான் கஷ்டம்.

ஓல்வினுக்கு விஷயம் புரிந்தது. பெஞ்சு போனால் இந்த மனிதர்களுக்குப் போக்கிடம் இல்லை. தீர்மானத்தின் மேல் ஓட்டெடுக்கும் நகராட்சிக் கூட்டம் மார்ச் முதல் வாரம். அவர்கள் உண்மையிலேயே பார்க்கிறார்கள் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அவருடைய படங்கள். ஆனால் யாருக்கும் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து எடுத்தவை. ஒவ்வொருவரையும் தேடிப்போய் அனுமதி கேட்டார். தகரப் பெட்டி அறைகளுக்குப் போனார், குழந்தைக்காரிகளின் வீடுகளுக்குப் போனார். சிலர் சரி என்றார்கள். ஒப்பந்தக்காரன் கண்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டான் என்று சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் படங்களை அங்கேயே தனியே ஒதுக்கினார்.

செமிசி யோசிக்கவே இல்லை. "என் முதுகைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு? காட்டு. ஆனா நாய் தெரியற மாதிரி காட்டு."

க்ளாரியிடம்தான் தடங்கல். அவர் வீட்டு வாசலில் நின்று பேசினார்கள். ஓல்வினை அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"முடியாது, ஓல்."

"முகமே இல்லையே க்ளாரி. முதுகுதானே."

"என் பையன் என் முதுகைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தவன். டிராக்டர்ல நான் முன்னால, அவன் பின்னால. எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிடுவான்."

"கண்டுபிடிச்சா என்ன இப்போ?"

க்ளாரி கூரையைக் காட்டினார். மேலே இருந்த ஏசி பெட்டி துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "போன வருஷமே செத்துப்போச்சு. அவன்கிட்ட சொல்லல. பந்து உருட்ட பௌல்ஸ் கிளப்புக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் தெனம் கிளம்பறேன். உண்மை தெரிஞ்சா, தனியா இருக்க முடியல அப்பாவாலன்னு முதியோர் இல்லத்துல கொண்டுபோய்த் தள்ளிடுவான். அன்பாத்தான் தள்ளுவான். அதான் பயம்."

ஓல்வின் சாய்ந்திருந்த அந்த ஏசி பெட்டியை ஏறிட்டுப் பார்த்தார். "சரி. காட்ட மாட்டேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் என் வீட்டில் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. "அந்த ஒரு படம் போதும் ஓல். மத்ததெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்காது. ஒரு கிழவனோட வீராப்புக்காக இத்தனை பேரைத் தெருவுல விடுவியா?"

"அவரோட முதுகு அவரோடது" என்றார். "ஓரத்துல நிறுத்தி வெட்டறவங்க ஒரு ரகம். கேக்காம நடுவுல இழுத்துப் போடறவங்களும் அதே ரகம்தான்."

கூட்டம் நடந்தது மாலையில். வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. மேயர் லொரெய்ன் தலைமை. பார்வையாளர் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கடைசி வரிசையில் செமிசியும் அவருடைய ஆட்களும், சட்டைக்கு மேல், ஞாயிறு தேவாலயத்துக்குக் கட்டும் பின்னல் பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மரியாதைக்குரிய இடத்துக்கு அவர்கள் அப்படித்தான் வருவார்கள். க்ளாரி கதவருகே, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தன் தீர்மானத்தை ஆதரிக்க அப்பா வந்திருப்பதாக நினைத்துத் தலையசைத்தார் க்ரெய்க்.

க்ரெய்க் நன்றாகவே பேசினார். "ஓவியக்கூடம் ஒரு தேவாலயம் மாதிரி. அதுக்குன்னு ஒரு புனிதம் இருக்கு" என்றார்.

ஓர் இடத்தைப் புனிதம் என்று ஒருவர் சொன்னால் நான் உடனே வாசலைத்தான் பார்ப்பேன். யாரையோ வெளியே நிறுத்தப்போகிறார்கள் என்று அர்த்தம். உலகத்தின் எந்த மூலையிலும் இது தப்பியதில்லை.

ஓல்வின் எழுந்து அனுமதி கிடைத்த படங்களைப் புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் காட்டினார். முதுகுகள். குழந்தையைத் தோளில் போட்ட முதுகு. வெயிலில் வெளுத்த சட்டை முதுகு. மூன்றாவது மணி நேரத்தைப் பற்றிச் சொன்னார். பேச்சு அவருக்கு வராது, திக்கித் திணறினார்.

"அழகான படங்கள், ஓல்" என்றார் க்ரெய்க். "ஆனா முதுகுதானே தெரியுது? இவங்க தூங்கலைன்னு எப்படி நம்பறது?"

சிலர் சிரித்தார்கள். ஓல்வின் கை மேசையில் இருந்த பைக்குப் போனது. அதற்குள்தான் அந்தப் படம் இருந்த மெமரி கார்டு. கையை எடுத்துக்கொண்டார். "வேற இல்ல" என்று சொல்லி உட்காரப் போனார்.

கதவருகிலிருந்து குரல் வந்தது. "இருக்கு. காட்டு, ஓல்."

க்ளாரி எழுந்து நின்றிருந்தார்.

"நீ வேண்டாம்னு சொன்னியே."

"நேத்து சொன்னேன். இப்போ காட்டுங்கறேன்."

"நல்லா யோசிச்சியா?"

"எண்பது வயசுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? போடு."

படம் சுவரில் விழுந்தது. ஒல்லி முதுகு, அகன்ற முதுகு, நீட்டிய விரல். க்ரெய்க் அதைப் பார்த்த மாத்திரத்தில் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பா. நீங்க பௌல்ஸ் கிளப்புக்குப் போறதா சொன்னீங்க."

"கிளப்புல பீர் வாங்காம உட்கார முடியாதுடா."

"வீட்டுல ஏசி இருக்கே."

"இருக்கு. செத்துப்போய் ஒரு வருஷமாச்சு."

யாரும் சிரிக்கவில்லை. க்ளாரி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் தாள்ல ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்னு கோடு போட்டவன்ல நானும் ஒருத்தன். வெயில்னு எழுதக் கை வரல. படம் பார்க்க வந்தேன்னு எழுதினா நீங்கல்லாம் சிரிப்பீங்க. இந்த ஊருக்கே இந்த வியாதி. அதை வச்சு நீ சட்டம் போடறே."

க்ரெய்க் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என்னத்தைக் காட்டறீங்க அதுல? விரலை நீட்டிக்கிட்டு?"

"இந்த ஆள் அங்க நாய் இருக்குங்கறான்."

"நாய்தான்" என்றார் செமிசி கடைசி வரிசையிலிருந்து.

"நிழல்."

"மேயரம்மா, அது நாய். அவருக்குக் கண்ணாடி மாத்தணும்."

"அந்தப் படத்துல நாயே கிடையாது" என்றார் ஓர் உறுப்பினர். "நாட்காட்டியில பார்த்திருக்கேனே." இல்லை, இருக்கிறது, குப்பை வண்டியில் பார்த்ததாக ஞாபகம் என்றார் இன்னொருவர். மேயர் லொரெய்ன் மேசையைத் தட்டினார். அவர் கோதுமை விவசாயி, வீண் பேச்சு பிடிக்காதவர். "பக்கத்துக் கட்டடம்தானே. சாவியை எடு, நெரிடா. போய்ப் பார்த்துட்டு வந்து ஓட்டுப் போடுவோம்."

மொத்தக் கூட்டமும் புல்வெளியைத் தாண்டி ஓவியக்கூடத்துக்கு நடந்தது. உறுப்பினர்கள் படத்தின் முன் நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டார்கள், தலையைச் சாய்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. எதிர்ச் சன்னலின் வெளிச்சம் வார்னிஷ் பூச்சில் பட்டு, அந்த நிழல் இருக்கும் இடமே கண்ணாடித் துண்டு மாதிரிப் பளபளத்தது.

"எங்கப்பா நாய்?" என்றார் மேயர்.

"நின்னா தெரியாது" என்றார் செமிசி. "உட்காருங்க."

மேயர் நடு பெஞ்சில் உட்கார்ந்தார். கண் தாழ்ந்ததும் பளபளப்பும் படத்தில் கீழே இறங்கிவிட்டது. அது எளிய இயற்பியல், எட்டாம் வகுப்புப் பாடம். நான் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், நின்றுகொண்டே. மேயர் கண்ணைச் சுருக்கித் தலையைச் சாய்த்தார். பிறகு "காது தெரியுது" என்றார். அடுத்த உறுப்பினர் அவரை நகரச் சொல்லி உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். வெளியே அனலடித்தது, உள்ளே குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது, யாரும் எழுந்து போக அவசரப்படவில்லை. ஓல்வின் அவர்கள் பின்னால் போய் நின்றார்.

கடைசியாக க்ரெய்க் தன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நாய்தான்பா" என்றார்.

"நீயுமா? அது நிழல்டா" என்றார் க்ளாரி.

கேமராவின் சின்னச் சத்தம் கேட்டது. ஓல்வின் பெஞ்சைச் சுற்றி வந்து திரையைக் காட்டினார். இரண்டு ஒல்லி முதுகுகள், ஒரே சாய்வு.

"இது நீங்க. வச்சுக்கவா, அழிச்சிடவா?"

"எனக்கு ஒண்ணு குடு" என்றார் க்ரெய்க்.

பெஞ்சுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தீர்மானத்தை க்ரெய்க்கே திரும்பப் பெற்றார். அடுத்த கூட்டத்தில் அவரே இன்னொன்றைக் கொண்டுவந்தார்: நாற்பதைத் தாண்டும் நாட்களில் ஓவியக்கூடம் இரவு எட்டு வரை திறந்திருக்கும், வாசலில் குடிதண்ணீர்க் குழாய் இருக்கும். க்ளாரி தன் வீட்டில்தான் இருக்கிறார். கூரையில் புது ஏசி உறுமுகிறது. ஆனாலும் மதியம் பெஞ்சுக்கு வந்துவிடுகிறார், சண்டை பாக்கியிருக்கிறதாம். முதுகுகள், சம்மதம் கொடுத்தவர்களுடையவை மட்டும், நுழைவாயில் நடையில் மாட்டப்பட்டிருக்கின்றன. தங்கள் முதுகைத் தேடி வருகிறவர்கள் அப்படியே உள்ளே போய்விடுகிறார்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. செமிசியின் ஆட்கள் இன்னும் அந்தத் தகரப் பெட்டிகளில்தான் தூங்குகிறார்கள். அவர்களுக்கு நல்ல அறை கேட்கும் மனுவில் இப்போது ஊர்க்காரர்களின் கையெழுத்து ஏறிக்கொண்டிருக்கிறது, காரணத்தை வெளிப்படையாக எழுதி: வெயில். டல்லூராக்காரர்கள் அந்தச் சொல்லை எழுதியதே பெரிய விஷயம். கையெழுத்து வாங்க வாசல் வாசலாக ஏறுகிறவர் ஓல்வின். கூடவே சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பவர் க்ரெய்க்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கடும் வெயில் நாளில் உங்கள் ஊரின் அருங்காட்சியகத்துக்கோ, நூலகத்துக்கோ, உங்கள் வரிப்பணத்தில் குளிரும் எந்தக் கட்டடத்துக்கோ போங்கள். ஒரு படத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காருங்கள். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் நகர்ந்து இடம் கொடுங்கள். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அங்கே உட்கார ஒரு பெஞ்சே இல்லையென்றால், வீட்டுக்குத் திரும்புவதற்கு முன் பொறுப்பில் இருப்பவரைத் தேடிப்போய், பெஞ்சு எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.